மூடிய சுரங்கத்தின் வண்டல் குளங்களை உடைப்பதா, வைத்துக்கொள்வதா?

செங்காங்வாசி:

வணக்கம். மண் வேலை, வடிகால் வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். நான் சிங்கப்பூரில் ஒரு மண்ணியல் ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். கிழக்குக் கலிமந்தானில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நிலத்தைச் சீர்படுத்தி ஒப்படைக்கும் திட்டத்தில் ஒரு பகுதி எங்களிடம் வந்திருக்கிறது.

கழிவு மண் மேட்டின் அடிவாரத்தில் மூன்று வண்டல் குளங்கள் உள்ளன. சுரங்கம் ஓடிய காலத்தில், மேலிருந்து வரும் சேற்றுத் தண்ணீரை நிறுத்தி, தெளியவைத்து ஆற்றுக்கு விடுவதற்காகக் கட்டியவை. முதல் இரண்டும் ஏறக்குறைய கரை வரை தூர்ந்துவிட்டன. மூன்றாவதில் இன்னும் ஆழம் இருக்கிறது. மேட்டில் புல் விதைத்தார்கள். பாதி இடத்தில் பிடித்திருக்கிறது, மீதி சிவப்பாகவே கிடக்கிறது.

உரிமையாளர் கேட்பது இதுதான்: கரையை வெட்டித் தண்ணீரை வடித்து, சேற்றின் மேல் மண் கொட்டி, மரக்கன்று நட்டு, அடுத்த மழைக்காலத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். இதை இப்போதே செய்யக் கூடாது என்று எனக்குப் படுகிறது. ஆனால் அதற்குத் திடமான காரணம் வேண்டும். எந்த நிலை வந்தபின் உடைக்கலாம்? உள்ளே கிடக்கும் சேற்றை என்ன செய்வது? உடைக்காமல் விட்டால் பின்னால் யார் பார்த்துக்கொள்வார்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈசிஎம்_முருகு:

அண்ணே, நான் சுரங்கத்தில் வேலை பார்த்ததில்லை. ஆனால் இங்கே கட்டுமான சைட்டுகளில் பல வருடமாக ஈசிஎம் பார்க்கிறேன், அதாவது மழையில் மண் வெளியே போகாமல் தடுக்கும் வேலை. சிங்கப்பூரில் சைட்டிலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் தண்ணீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் மண் இருக்கக் கூடாது. வெளியேறும் இடத்தில் கேமரா வேறு இருக்கும். அதற்கென்றே தகுதி பெற்ற பொறியாளர் திட்டம் போட்டுக் கையெழுத்திட்டால்தான் மண்ணில் கையே வைக்க முடியும்.

இந்த வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது வரிசை. முதலில் மண்ணை மூடு. அடுத்து, வெளித் தண்ணீர் உள்ளே வராமல் சுற்று வாய்க்கால் வெட்டு. பிறகு ஓடும் தண்ணீரின் வேகத்தைக் குறை. இதெல்லாம் தாண்டி வருவதைப் பிடிக்கத்தான் குளமும் சுத்திகரிப்புத் தொட்டியும். மேலே மண் திறந்து கிடந்தால் கீழே எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் காணாது. டிசம்பர் மழையில் ஒரே சாயங்காலத்தில் நிரம்பிவிடும்.

உங்கள் மேட்டில் இப்போது எவ்வளவு மண் போகிறது என்று தெரிய வேண்டுமா? மழை விட்டதும் போய்க் குனிந்து பாருங்கள். கூழாங்கல் ஒவ்வொன்றும் சின்ன மண் தூண் மேல் நிற்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்தது, சுற்றிலும் இருந்தது போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் நீங்கள் இழந்த மண். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 100 கன மீட்டர். பத்து இடத்தில் அளந்து, ஸ்கேலோடு படம் எடுத்து அறிக்கையில் போடுங்கள். அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது.

பாதி மேடு சிவப்பாகக் கிடக்கும்போது கரையை வெட்டுவது என் கணக்கில் சரியே இல்லை.

செங்காங்வாசி:

நன்றி முருகு. கல் தூண் அளவு நல்ல யோசனை, செய்யச் சொல்கிறேன். நீங்கள் 50 என்றீர்கள். இந்தோனேசியாவில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுநீருக்கு 2003ஆம் ஆண்டு ஆணை வைத்த வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். இங்கே உள்ளதைப்போல் எட்டு மடங்கு. "400க்குள்தானே இருக்கிறோம், குளம் எதற்கு" என்று கேட்கிறார்கள். குளம் இருப்பதால்தான் 400க்குள் இருக்கிறார்கள் என்பதை எப்படி எடுத்துச் சொல்வது?

பிடோக்_பெரியவர்:

தம்பி, அதைக் காட்ட ஒரு கண்ணாடி ஜாடி போதும். குளத்துக்குள் வரும் தண்ணீரை, வெளியே போகிற தண்ணீரை அல்ல, மழை நேரத்தில் பிடித்து மேசையில் வையுங்கள். மணல் உடனே அடியில் உட்காரும். வண்டல் மத்தியானத்துக்குள் இறங்கும். களிமண் மட்டும் மறுநாளும் அப்படியே மிதக்கும், தண்ணீர் தேநீர் நிறத்திலேயே நிற்கும்.

கணக்கு இதுதான். துகளின் விட்டம் பத்தில் ஒன்றானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். நம் ஊர்ச் சூட்டில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்குச் சுமார் மூன்று மணி நேரம். 0.001 மில்லிமீட்டர் களிமண்ணுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். அதுவும் தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருந்தால். எனவே மணலைப் பிடிக்கத்தான் குளம் முழுதாக உதவும். களிமண்ணுக்குப் படிகாரமோ பாலிமரோ போட்டுத் திரள வைக்க வேண்டும், இல்லையென்றால் மேட்டிலேயே நிறுத்த வேண்டும். சுரங்கம் மூடியபின் தினமும் மருந்து போட அங்கே ஆள் இருக்க மாட்டார்கள். அதனால் மேட்டில் நிறுத்துவது ஒன்றுதான் வழி.

இன்னொன்று. குளம் மண்ணைப் பிடிப்பதற்கு ஆழத்தைவிடப் பரப்பு முக்கியம். தண்ணீர் உள்ளே வரும் வாயும் வெளியேறும் வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எவ்வளவு பெரிய குளமாக இருந்தாலும் அது குறுக்கே ஓடிப் போய்விடும். மூன்றாவது குளத்தில் அதைப் பாருங்கள்.

சேற்றின் மேல் மண் கொட்டுவது பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூருக்கு இது புதிதே இல்லை. சாங்கி கிழக்கில் கடலை மண்ணிட்டு நிரப்பியபோது நடுவில் சுமார் 180 ஹெக்டேர் வண்டல் குளம் ஒன்று இருந்தது. மணல் கழுவிய தண்ணீரோடு வந்த களிமண்ணும் வண்டலும் அதில் தேங்கியிருந்தன. சில இடங்களில் சேறு 20 மீட்டர் வரை. வருடக்கணக்காகக் கிடந்தும் அது இறுகவே இல்லை. அதன் மேல் லாரியில் மண் கொட்டுவது இட்லி மாவின் மேல் செங்கல் வைப்பது போல. மண் உள்ளே போகும், சேறு பக்கத்தில் பிதுங்கி மேலே வரும். அதனால் மிதவையிலிருந்து மணலை மெல்லிய அடுக்கு அடுக்காகத் தூவினார்கள். அப்படியும் ஒரு கட்டத்தில் சேறு வெடித்து மேலே வந்தது. பிறகு பலமான ஜியோடெக்ஸ்டைல் துணியைப் பரப்பி, அதன் மேல் திரும்பவும் மணல் தூவி, செங்குத்து வடிகால் பட்டைகளை இறக்கித் தண்ணீரைப் பிழிந்து எடுத்துத்தான் அந்த நிலத்தை நிலமாக்கினார்கள்.

விமான நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்பதால் அத்தனை செலவு செய்தார்கள். கலிமந்தான் மலையடிவாரத்தில் யார் செய்வார்கள்? உரிமையாளர் சொல்கிறபடி மண் கொட்டினால் மேலே ஒரு காய்ந்த தோல் மட்டும் இருக்கும். அதை நம்பி ஒரு மாடோ மனிதனோ நடந்தால் உள்ளே போய்விடுவார்கள். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஜூரோங்_ஜெய்:

எல்லோரும் குளத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். நான் ஒப்பந்த வேலை செய்கிறவன், மறுபக்கத்தைச் சொல்கிறேன். மண்கரை கட்டித் தண்ணீர் தேக்கினால் அது ஓர் அணை. அணைக்கு ஆள் வேண்டும். கரையில் மரம் முளைக்கும், வேர் அழுகினால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். எலியும் நண்டும் வளை தோண்டும். வழிந்தோடும் வாயில் மரக்கட்டை அடைத்துக்கொள்ளும். ஒரு பெரிய மழையில் கரைக்கு மேல் தண்ணீர் ஏறினால் மண்கரை நிற்காது. இத்தனை வருடம் பிடித்து வைத்த சேறு மொத்தமும் ஒரே இரவில் கீழே உள்ள கிராமத்துக்குப் போகும். கம்பெனி அதற்குள் கலைந்திருக்கும்.

கிழக்குக் கலிமந்தானில், குறிப்பாகச் சமாரிண்டா பக்கம், மூடாமல் விட்ட சுரங்கப் பள்ளங்களில் எத்தனையோ பிள்ளைகள் மூழ்கி இறந்திருக்கிறார்கள். தண்ணீர் தேங்கிய இடத்தை வேலிகூடப் போடாமல் "இயற்கை" என்று பெயர் வைத்து விட்டுப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடைப்பதாக இருந்தால் சரியாக உடையுங்கள். வைப்பதாக இருந்தால் யார் பெயரில், யார் காசில் என்று எழுதி வையுங்கள்.

ஈப்போக்காரர்:

ஜெய் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் மலேசியாவின் பேராக்கில் பிறந்து வளர்ந்து இப்போது உட்லண்ட்ஸில் இருக்கிறேன். அங்கே கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் ஈயக்குட்டைகள்தான், வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றவை. 1985ல் ஈய விலை விழுந்தபின் லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒவ்வொன்றாக மூடின. குட்டைகள் அப்படியே நின்றுவிட்டன. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் எச்சரிக்கையே குட்டைப் பக்கம் போகாதே என்பதுதான். கரை மணலாக இருக்கும், காலை வைத்ததும் சரியும். இரண்டடி தள்ளினால் ஆழம் தெரியாது.

ஆனால் நல்லதும் நடந்திருக்கிறது. தைப்பிங் ஏரிப் பூங்கா 1880களில் ஈயம் எடுத்த இடத்தில் உருவானது. இன்றைக்கும் அந்தப் பெரிய மழைமரங்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சாய்ந்து நிற்கின்றன. பத்து காஜா அருகே பழைய குட்டைகளில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. சில குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள்.

ஈயக்குட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கழுவிய மண் இரண்டாகப் பிரியும். மணல் ஒரு பக்கம் குவியும், வழுவழு சேறு இன்னொரு பக்கம் போய்த் தேங்கும். மணல் பக்கத்தில் வீடு கட்டலாம், ஆனால் எரு போடாமல் எதுவும் முளைக்காது. சேற்றுப் பக்கத்தில் செடி வரும், கட்டடம் நிற்காது. உங்கள் இரண்டு தூர்ந்த குளங்களிலும் உள்வாய்ப் பக்கம் மணலாகவும் வெளிவாய்ப் பக்கம் களிமண்ணாகவும் இருக்கும். ஒரே குளத்துக்கு ஒரே வைத்தியம் என்று போகாதீர்கள். உள்வாய்ப் பக்கத்தைத் தோண்டி எடுத்துப் பயன்படுத்தலாம், மற்றதை ஈரமாகவே விட்டுவிடலாம்.

கோலார்_பேத்தி:

எல்லோரும் எவ்வளவு சேறு, எவ்வளவு ஆழம் என்று பேசுகிறீர்கள். சேற்றில் என்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே.

எங்கள் தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடியது. வேலை போனது, தண்ணீர் இறைப்பது நின்றது, ஆழத்தில் வெள்ளம் ஏறியது. மேலே மட்டும் ஒன்று மிச்சம்: தங்கம் பிரித்தபின் கொட்டிய அரைத்த கல் மாவு. கோடிக்கணக்கான டன். ஊர்க்காரர்கள் சயனைடு மேடு என்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலை. கிட்டே போனால் மழை அறுத்த பள்ளங்கள், ஒவ்வொன்றும் ஆள் இறங்கி நடக்கிற அளவு. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும். பாத்திரத்தில், பாயில், சோற்றில் எல்லாவற்றிலும். பாட்டி கொடியில் காயும் துணியை மதியத்துக்குள் எடுத்துவிடுவார். அந்த மேட்டில் சரியாக ஒன்றும் முளைப்பதில்லை. ஏனென்றால் அது மண்ணே இல்லை. அரைத்த கல். அதில் உயிர்ச்சத்து எதுவும் கிடையாது.

செங்காங்வாசி அண்ணா, உங்களுடையது நிலக்கரி. நிலக்கரியோடு பைரைட் வரும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். தண்ணீருக்கு அடியில் இருக்கும் வரை அதற்குக் காற்று எட்டாது, சும்மா கிடக்கும். குளத்தை வடித்துச் சேறு காய்ந்து வெடித்ததும் காற்று உள்ளே போகும், கந்தக அமிலம் உண்டாகும். அடுத்த மழையில் அமிலமும் அது கரைத்த இரும்பும் மாங்கனீசும் ஆற்றுக்குப் போகும். கல்லெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பூசிக்கொள்ளும். அப்புறம் என்ன மரம் நட்டாலும் நிற்காது.

அதனால் கரையில் மண்வெட்டி படுவதற்கு முன் சேற்றின் மாதிரியைப் பல ஆழங்களில் எடுத்துச் சோதியுங்கள். இப்போதைய அமிலத்தன்மை மட்டும் பார்த்தால் போதாது. காற்றுப் பட்டால் எவ்வளவு அமிலம் உண்டாகும், அதை ஆற்றுவதற்குச் சுண்ணாம்புத்தன்மை அதில் எவ்வளவு இருக்கிறது, இரண்டையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவை எதற்காகவும் குறைக்கக் கூடாது. எங்கள் ஊரில் யாரும் முதலிலேயே கேட்காத கேள்வி இது.

செங்காங்வாசி:

கோலார் தங்கச்சி, மிகவும் நன்றி. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய ஆய்வுக்கூட அறிக்கைகளைத் தேடி எடுத்தேன். இரண்டாவது குளத்துச் சேறு அமிலம் உண்டாக்கும் வகை என்று அதிலேயே இருக்கிறது. திட்டத்தில் யாரும் அதைச் சேர்க்கவில்லை. முதல் குளத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

முருகு சொன்ன அளவும் வந்துவிட்டது. புல் பிடித்த இடத்தில் கல் தூண் தெரியவே இல்லை. சிவப்பாகக் கிடக்கும் பகுதியில் விரல் கணு உயரம். சில இடங்களில் மேலே சின்ன ஓட்டை, உள்ளே சுரங்கம் போலக் குடைந்து கீழே வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. புல் விதைத்தும் அங்கே நிற்கவில்லை. இது என்ன?

வேரும்_மண்ணும்:

அது குழாய் அரிப்பு. அந்த மண்ணில் சோடியம் அதிகம் இருக்கலாம். தண்ணீர் பட்டதும் களிமண் தானாகவே பிரிந்து கரைந்துவிடும். வீட்டிலேயே பார்த்துவிடலாம்: காய்ந்த மண் கட்டி, பட்டாணி அளவு, காய்ச்சி வடித்த தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது. கட்டியைச் சுற்றிப் பால் போல ஒரு வளையம் பரவினால் அது கரையும் மண். கட்டி வெறுமனே உதிர்ந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் அது வேறு. பால் வளையம் வந்தால் ஜிப்சம் கலக்க வேண்டும். கால்சியம் உள்ளே போய்ச் சோடியத்தை வெளியேற்றும், மண் ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாமல் எத்தனை முறை விதைத்தாலும் விதை சுரங்கத்துக்குள்தான் போகும். அப்படிப்பட்ட மண்ணில் படி படியாக வெட்டித் தண்ணீரைத் தேக்கும் வேலையும் ஆபத்து. தேங்கிய தண்ணீர்தான் குழாய் தோண்டும்.

நான் இங்கே பூங்கா, சரிவுப் பசுமை வேலைகளில் இருக்கிறேன். சரிவைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். கழிவு மண் மேடுகளை எல்லோரும் நேர்க்கோடாக, ஒரே சாய்வாகச் சீவி விடுகிறார்கள். இயற்கையில் எந்த மலையும் அப்படி இருப்பதில்லை. மேலே குவிந்து, அடிவாரத்தில் குழிந்து படுத்திருக்கும். தண்ணீர் கீழே வரவர அளவு கூடும், அதனால் அங்கே சாய்வு குறைய வேண்டும். நேர்ச்சரிவில் அது நடக்காது, கீழ்ப்பாதி அறுபட்டுவிடும். இந்தியாவில் சுரங்க அனுமதிகளில் கழிவு மண் மேட்டின் மொத்தச் சாய்வு 28 பாகைக்கு மிகக் கூடாது என்று வழக்கமாக நிபந்தனை போடுகிறார்கள். அது சரிந்து விழாமல் இருப்பதற்கு. அரிப்பு நிற்க அதைவிட நிறையப் படுக்க வேண்டும்.

செடி என்றால் என் முதல் தேர்வு வெட்டிவேர். நம் வீட்டில் பானைத் தண்ணீரில் போடுகிற அதே வேர்தான். செங்குத்தாக மூன்று நான்கு மீட்டர் வரை இறங்கும், பக்கவாட்டில் பரவாது. தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைப்பதில்லை, எனவே காட்டுக்குள் போய்க் களையாகாது. அமில மண்ணையும் உலோகங்களையும் நன்றாகத் தாங்கும். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, சீனச் சுரங்கக் கழிவு மேடுகளில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

நடும்போது சம உயரக் கோட்டில், சாய்வுக்குக் குறுக்கே, துண்டுக்குத் துண்டு 10 முதல் 15 சென்டிமீட்டர். இடைவெளி விட்டுவிட்டால் தண்ணீர் அந்த வழியாகக் கூடி ஓடும், நடாமல் விட்டதைவிட மோசம். வரிசை அடர்ந்ததும் மேலிருந்து வரும் மண் அதன் பின்னால் தேங்கித் தானாகவே சின்னப் படி உருவாகும். வரிசைகளுக்கு நடுவே உள்ளூர்ப் புல், பருப்புவகைக் கொடி, பிறகு மரம். மரம் நிழல் விழுந்ததும் வெட்டிவேர் மெலிந்து போய்விடும். போகட்டும், அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும். வெறும் அக்கேசியா மட்டும் நட்டுப் பச்சையாகக் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கீழே புல் இல்லாத மரத்தோப்பில் இலையிலிருந்து விழும் பெரிய சொட்டு மண்ணை இன்னும் வேகமாகக் கிளப்பும்.

ஈப்போ அண்ணன் தைப்பிங்கைச் சொன்னார். இங்கேயும் இருக்கிறது. பிடோக் நீர்த்தேக்கம் மணல் தோண்டிய பள்ளம், 1986ல் நீர்த்தேக்கமானது. 2022ல் திறந்த ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்காவில் பழைய கல் குவாரியை நன்னீர் வாழிடமாக மாற்றியிருக்கிறார்கள். புலாவ் உபினில் கடைசிக் குவாரி 1999ல் மூடியது. இன்று பெக்கான் குவாரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். கருங்கல் சுவர் மழையில் கரையாது. உங்கள் மேடு கரையும். சிங்கப்பூர்க் குவாரிப் படத்தைக் காட்டி "இப்படி ஆக்கிவிடுவோம்" என்று அறிக்கையில் போட்டுவிடாதீர்கள்.

ஜூரோங்_ஜெய்:

வெட்டிவேர் எல்லாம் சரி. நூற்றுக்கணக்கான ஹெக்டேருக்கு நாற்று எங்கிருந்து வரும்? முருகு இங்கே கேன்வாஸ் போட்டு மூடுகிறார், அங்கே அது முடியுமா? என் கேள்வி இன்னும் நிற்கிறது. கரைக்கு யார் பொறுப்பு?

வேரும்_மண்ணும்:

முழு மேட்டுக்கும் வேண்டாம். தண்ணீர் கூடும் இடம், வாய்க்கால் ஓரம், குளத்துக்கு மேலே உள்ள கடைசிச் சரிவு, இவற்றுக்கு மட்டும். மற்ற இடத்தில் மேல்மண்ணும் வைக்கோல் மூடாக்கும் புல் விதையும் போதும். நாற்றங்காலை அங்கேயே போட்டுவிடலாம், கிராமத்தாருக்கு அது ஒரு வருமானமும் ஆகும். மேல்மண்ணை ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள் அண்ணா. அதில்தான் அந்த ஊர்க் காட்டின் விதையெல்லாம் இருக்கும்.

பிடோக்_பெரியவர்:

ஜெய் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அது நல்ல கேள்வி. ஆள் இல்லாத அணை இருக்கக் கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் குளத்தை வைப்பதற்கு அணையை வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது குளத்தில் ஆழம் இருக்கிறது என்கிறார். அதன் கரை உயரத்தைக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும் மட்டம் சுற்றியுள்ள பழைய தரை மட்டத்துக்குக் கீழே வரட்டும். அப்போது உடைவதற்குக் கரையே இருக்காது, பள்ளத்தில் நிற்கும் தண்ணீர்தான். தண்ணீர் வழிந்தோடும் கலிங்கை மதகோ கதவோ குழாயோ இல்லாமல், அகலமான கல் பாவிய வாயாகக் கட்டுங்கள். திறக்கவும் மூடவும் எதுவும் இல்லையென்றால் மறந்துபோகவும் எதுவும் இல்லை. குளம் கட்டிய காலத்து மழைக் கணக்கை வைத்துக் கலிங்கு போடக் கூடாது. வேலை நடக்கும்போது அமெரிக்க விதிகளில்கூட இத்தகைய குளங்களின் கொள்ளளவைப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் 24 மணி நேர மழைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். நிரந்தரமாக நிற்பதற்கு அது போதவே போதாது.

பிள்ளைகள் விழாமல் இருக்க ஓரத்தை ஐந்துக்கு ஒன்று சாய்வில் படுக்க வையுங்கள். முழங்கால் ஆழத்தில் அகலமான திட்டு ஒன்று சுற்றிலும் விட்டு அதில் சம்பும் கோரையும் நடுங்கள். அடர்ந்த கோரைக்குள் யாரும் ஓடிப்போய்க் குதிக்க மாட்டார்கள். தப்பி இறங்கினாலும் கால் தரையில் நிற்கும்.

எப்போது உடைக்கலாம் என்று முதலில் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 1977ல் வந்த சுரங்க நிலச் சீரமைப்புச் சட்டத்தின் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: மேலே உள்ள நிலம் நிலைபெற்றுச் செடி மூடியிருக்க வேண்டும், கடைசியாக விதைத்ததிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு கழிய வேண்டும், அதிகாரியின் அனுமதியும் வேண்டும். அதற்கு முன் வண்டல் குளத்தில் கைவைக்க முடியாது. அந்தச் சட்டம் இந்தோனேசியாவுக்குப் பொருந்தாது. ஆனாலும் உரிமையாளரிடம் காட்ட அந்த இரண்டு ஆண்டு நல்ல அளவுகோல். நீங்கள் இன்னும் விதைத்தே முடிக்கவில்லை.

ஈசிஎம்_முருகு:

ஐயா சொன்னதோடு ஒன்று. உடைக்கும் நாள் வந்தாலும் மூன்றையும் ஒன்றாக உடைக்காதீர்கள். மேலே உள்ளதை முதலில் எடுங்கள், கீழே உள்ளது அப்போது கிளம்பும் சேற்றைப் பிடிக்கும். குளத்துத் தண்ணீரை இறைக்கும்போது உறிஞ்சும் குழாயை மிதவையில் கட்டி மேல்மட்டத் தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் போட்டால் சேறுதான் வரும்.

செங்காங்வாசி:

எல்லோருக்கும் நன்றி. என் பரிந்துரையை இப்படி எழுதப் போகிறேன். முதலில் மேடு: மண் கட்டிச் சோதனை, தேவையான இடத்தில் ஜிப்சம், கீழ்ச்சரிவைப் படுக்க வைத்தல், வெட்டிவேர் வரிசை, மறுவிதைப்பு. அது பிடித்து இரண்டு ஆண்டு ஆகும் வரை எந்தக் குளத்திலும் கரையை வெட்டுவதில்லை. இடையில் மூன்றாவது குளத்தின் வெளிவாயை மட்டும் இடம் மாற்றுகிறோம், இப்போது உள்வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதன்பின் முதல் குளத்தில் உள்வாய் மணலைத் தோண்டி மேட்டுக்கே கொண்டுபோய், மற்றதைச் சதுப்பாக விட்டுவிடுகிறோம். இரண்டாவதை வடிக்கவே கூடாது, ஈரமாகவே மூடி வைக்க வேண்டும். அதில் தண்ணீர் மட்டம் வறட்சியிலும் இறங்காமல் இருக்க என்ன வழி என்பதுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதை ஐயா சொன்னபடி தரைமட்டக் குளமாக்குகிறோம். பராமரிப்புப் பணத்தைக் கம்பெனி முன்கூட்டியே வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும் என்று ஜெய்யின் கேள்வியை அப்படியே நிபந்தனையாக எழுதுகிறேன்.

ஜூரோங்_ஜெய்:

அப்படி எழுதினால் எனக்குச் சம்மதம். வைப்புத்தொகையை எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒப்படைத்த மறுநாளே திருப்பிக் கேட்பார்கள்.

கோலார்_பேத்தி:

இரண்டாவது குளத்துக்கு: சுற்று வாய்க்கால் எல்லாவற்றையும் வெளியே திருப்பிவிடாதீர்கள். மேட்டின் சுத்தமான பகுதியிலிருந்து வரும் ஒரு வாய்க்காலை மட்டும் உள்ளே விடுங்கள், வறட்சியில் ஆவியாவதை அது ஈடுகட்டும். அதோடு சேற்றின் மேல் அரை மீட்டருக்காவது சுத்தமான களிமண்ணும் இலைதழை மட்கும் தண்ணீருக்கு அடியிலேயே படியட்டும். பெரியவர் ஐயா சொன்ன சாங்கி முறையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் முடியும். மேல்மட்டம் ஒரு வருடம் இறங்கினாலும் காற்று முதலில் அந்த அடுக்கைத்தான் தொடும். மட்டத்தை அளக்க ஓர் அளவுகோல் கம்பத்தைக் குளத்தில் நட்டு, வாரம் ஒரு முறை பார்த்து எழுத கிராமத்திலேயே ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள்.